பிடி அரிசியும் பத்தாயிரம் ரூபாயும்

உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். குறிப்பிட்ட நாளில் ஆள் வந்து வீடு வீடாக அதை வாங்கிச் சேர்ப்பார். விருதுநகர் இன்னும் விருதுபட்டியாக இருந்த காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் நடந்தது அந்த அரிசியில்தான். 1889இல் அவ்வூர் நாடார் உறவின்முறையார் தொடங்கிய சத்திரிய வித்யாசாலாவுக்கு அரசுக் கருவூலம் முதல் போடவில்லை. அடுப்படியிலிருந்து பிடி அரிசி வந்தது, கடைத்தெருவிலிருந்து மகமை வந்தது. ஊருக்குள் வந்துபோகும் சரக்குக்கு, மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட வரிதான் மகமை. பருத்தியும் மிளகாய் வத்தலும் எண்ணெயும் கைமாறும்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தது.

கோயிலுக்குள் வரக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்கள் நாடார்கள். அதையொட்டி 1899இல் சிவகாசியில் பெரும் கலவரமே மூண்டது. தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து எவ்வளவு அவசரமான தேவை என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன் சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவன். வீட்டில் வருமானம் இல்லை. ஆனாலும் படிக்கக் கட்டணம் கேட்கப்படவில்லை. பன்னிரண்டு வயது வாக்கில் படிப்பை விட்டு மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனான். 1903இல் பிறந்த அந்தக் காமராசர் 1954இல் முதலமைச்சரானார்.

விருதுநகர் மாவட்டத்தின் கல்வியைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் இந்த இரண்டு செய்திகளும் வந்துவிடும். பேச்சு அடுத்தபடியாகப் பிளஸ் டூ தேர்ச்சி சதவீதத்துக்குத் தாவிவிடும். இடையில் விட்டுப்போகும் ஒன்றைத்தான் நான் எழுத வந்தேன். பிடி அரிசி கொடுத்த பெண் அதே தெரு வழியாகத்தான் தினமும் நடந்தாள். தன் அரிசியில் நடக்கும் பள்ளியில் வாத்தியார் வந்தாரா, பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து படிக்கிறார்களா, மரத்தடியில் விளையாடுகிறார்களா என்பது அவளுக்குத் தெரியும். பணம் கொடுத்தவர் கண்ணும் பள்ளியும் ஒரே தெருவில் இருந்தன. இன்று பள்ளிக்கு வரும் பணம் அன்றைவிடப் பலமடங்கு. கொடுப்பவர் எங்கோ இருக்கிறார், கண்ணும் அங்கேயே இருக்கிறது.

அன்றைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். உறவின்முறை என்ற சொல்லே அதன் எல்லையைக் காட்டிவிடும். உறவுக்குள் இருந்தவர்களுக்குப் பள்ளி கிடைத்தது. வியாபாரம் செழித்த விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, சாத்தூர் போன்ற ஊர்களில் கிடைத்தது. மகமை வசூலிக்கச் சரக்கே இல்லாத ஊர்கள் என்ன செய்யும்? திருச்சுழிப் பக்கமும் நரிக்குடிப் பக்கமும் வானம் பார்த்த காடுகளில், மழை பெய்தால் விதைப்பு, பெய்யாவிட்டால் பிழைப்புக்கு வெளியூர் என்று கிடந்த கிராமங்களில் யாரும் கலயம் வைக்கவில்லை, வைக்க அரிசியும் இல்லை. ஊரின் கடைசியில் தள்ளிவைக்கப்பட்ட சேரிப் பிள்ளைகளுக்கு வகுப்பறை வாசல்கூட எட்டாமல் இருந்தது. ஒரு சமூகம் தன் கையால் தன் பிள்ளைகளைத் தூக்கிவிட்டது பெருமைக்குரிய வரலாறு. எல்லாப் பிள்ளைகளையும் தூக்கிவிட அரசு ஒன்றால்தான் முடியும். தான் படித்த பள்ளியிலிருந்து காமராசர் எடுத்துக்கொண்ட பாடம் இது என்றே நினைக்கிறேன்.

அவர் பதவிக்கு வந்தபோது, முந்தைய ஆட்சியில் மூடப்பட்ட சுமார் 6,000 தொடக்கப் பள்ளிகளைத் திறக்க வேண்டியிருந்தது. மூடியவற்றைத் திறந்ததோடு நிற்காமல், பள்ளியே இல்லாத ஊர்களுக்கு ஓராசிரியர் பள்ளிகள் போயின. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர் ஒருவருக்கு வேலை, ஒரு கிராமத்துக்குப் பள்ளி, இரண்டும் ஒரே உத்தரவில் நடந்தன. இந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் சிறிது தூரத்தில் எட்டயபுரம். 1956இல் மதிய உணவுத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்ததில் சோறு பொங்கினார்கள். பிறகு அரசும் பங்கு போட்டது. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஒருவர் பெஞ்சு தருவார், ஒருவர் மணி வாங்கித் தருவார், ஒருவர் வகுப்பறைக்கு ஓடு போட்டுத் தருவார், இன்னொருவர் நாலு பிள்ளைகளுக்குச் சீருடை எடுத்துக் கொடுப்பார். கொடுத்ததை மேடையில் பெயர் சொல்லிப் படிப்பார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஆசிரியர் சம்பளம் அரசுடையது. சோற்றில் ஊருக்குப் பங்கு. பெஞ்சில் பெயர் உண்டு. அரசுப் பணம் வந்த பின்னும் ஊரின் கண் பள்ளியைவிட்டு நகராமல் இருக்க வழி செய்திருந்தார்கள். பிடி அரிசியின் எல்லைச் சுவரை இடித்துவிட்டு, அதிலிருந்த நல்லதை மட்டும் எடுத்துக்கொண்ட காலம் அது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தப் பக்கத்திலிருந்து குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் வரத் தொடங்கியதற்கு அதுதான் வேர்.

ஆனால் அதே மாவட்டத்தின் இன்னொரு பக்கத்தில் விடியும் முன்பே வேறொரு மணி அடித்துக்கொண்டிருந்தது.

தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பார்கள். கோழி கூவும் முன் ஆபீஸ் பஸ் கிராமத்துக்குள் வரும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை, பெரும்பாலும் பெண் பிள்ளைகளை, ஏற்றிக்கொண்டு போய் இருட்டிய பின் இறக்கிவிடும். மரச் சட்டத்தில் குச்சி அடுக்க மெல்லிய விரல் வேண்டும் என்று அதற்கு நியாயமும் சொன்னார்கள். வீட்டில் வாங்கிய முன்பணம் கழியும்வரை பிள்ளை வேலையிலிருந்து நிற்க முடியாது. 1976இல் அப்படிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகிப் பல பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகே பிள்ளைகளின் வேலை நிலையை ஆராய ஹர்பன்ஸ் சிங் குழு அமைக்கப்பட்டு, வெளியுலகம் சிவகாசியைத் திரும்பிப் பார்த்தது. 'குட்டி ஜப்பான்' என்று நாடு பாராட்டிய ஊரின் உழைப்பில் எத்தனை பங்கு பத்து வயதுப் பிள்ளைகளுடையது என்று அப்போதுதான் கேட்டார்கள்.

1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து காமராசர் பெயரிலேயே புது மாவட்டம் பிறந்தபோது நிலைமை இதுதான். ஒரு பக்கம் நூறாண்டைத் தொடப்போகும் பள்ளிகள். இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத பிள்ளைகள். 1982இல் வந்த எம்.ஜி.ஆரின் சத்துணவு நிறையப் பிள்ளைகளை வகுப்பறைக்கு இழுத்தது உண்மை. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் வந்தன. அங்கே படிப்போடு சாப்பாடும் சிறிது உதவித்தொகையும் கிடைத்தன. 1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும் பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும், அந்தப் பணம் அந்தப் பிள்ளையின் நலனுக்கே போக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆபீஸ் பஸ்களிலிருந்து பிள்ளைகள் இறங்கினார்கள். தீர்ப்பு, அதிகாரிகளின் சோதனை, சத்துணவு, எந்திரங்கள் வந்தது, தாய்மார்களின் பிடிவாதம் எல்லாம் சேர்ந்து நடத்திய மாற்றம் அது. இவற்றுள் தாய்மார்களின் பிடிவாதத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். தன் விரலில் மருந்து ஏறிய பெண், மகள் விரலில் பேனா மை மட்டும் ஏறட்டும் என்று முடிவெடுத்தாள். சம்பளத்தில் ஒரு ஆள் குறைந்ததைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். எந்த நிதிநிலை அறிக்கையிலும் ஏறாத செலவு இது.

இதே காலத்தில்தான் தேர்வு முடிவுப் பட்டியலில் விருதுநகர் முதலிடத்தில் உட்கார்ந்தது. பெரிய நகரமோ பெயர்பெற்ற உறைவிடப் பள்ளிகளின் கூட்டமோ இல்லாத, கரிசல் காட்டு மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் வருடா வருடம் மாநிலத்தின் முன்னால் நின்றது. 2017இல் 97.85 சதவீதம், முதலிடம். 2018இல் 97.05, மறுபடியும் முதலிடம். இது எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள்.

ஜனவரி மாதத்தில் ஏதாவது ஒரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாலையில் போய்ப் பார்த்தால் தெரியும். நாலேகால் மணிக்குப் பள்ளி மணி அடித்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் எழாது. கணக்கு வாத்தியார் வராந்தாவில் ஆறு பேரைத் தனியாக உட்கார வைத்திருப்பார். 'மெல்லக் கற்போர்' என்று பதிவேட்டில் எழுதப்பட்ட ஆறு பேர். அவர்கள் முன்னால் மொத்தப் புத்தகமும் இருக்காது. தேர்ச்சிக்குத் தேவையான பகுதிகளை மட்டும் ஆசிரியர்களே தொகுத்து நகலெடுத்த சில தாள்கள் இருக்கும். தினமும் ஒரு சிறுதேர்வு. எழுதி முடித்தவனுக்கு ஒரு பொட்டலம் சுண்டல் அல்லது பிஸ்கட், பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தக் காசில். ஆறரை மணிக்குக் கடைசிப் பேருந்துப் பிள்ளைகளை ஏற்றிவிட்டு அவர் வீட்டுக்குப் போவார். காலை ஐந்து மணிக்கு அவரே போன் போடுவார்.

"தம்பி, எந்திரிச்சிட்டியா?"

"எந்திரிச்சிட்டேன் சார்."

"படுத்துக்கிட்டே பேசாத. மூஞ்சியக் கழுவிட்டு விளக்கப் போட்டு உக்காரு. அம்மாகிட்டக் குடு."

அந்தப் பையனின் அம்மா ஏழு மணிக்குப் பட்டாசு வேலைக்குக் கிளம்ப வேண்டியவர். ஆசிரியர் அவரிடம் சொல்வது ஒரே வார்த்தை: "பாத்துக்கங்கம்மா." இந்தப் போன் கூடுதல் வேலை, எந்தச் சம்பளப் பட்டியலிலும் வராது. இந்த மாவட்டத்தின் தேர்ச்சி விகிதத்தைத் தூக்கி நிறுத்தியதில் அரசு ஒதுக்கிய பணத்துக்கு ஒரு பங்கு உண்டு என்றால், கணக்கில் வராத இந்த மணிநேரங்களுக்கு இரண்டு பங்கு உண்டு. அது ஆசிரியர் போட்ட பிடி அரிசி.

இதற்குள் ஒரு கோளாறும் வளர்ந்தது. பட்டியலில் முதலிடம் என்பது மாவட்டத்தின் மானப் பிரச்சினையானதும், தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே கழற்றிவிடும் பழக்கம் மாநிலம் முழுக்கச் சில பள்ளிகளில் புகுந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பை ஓட்டுவது தனியார் பள்ளிகளில் சாதாரணமானது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வினா வரும் என்ற 'புளூ பிரிண்ட்' எல்லோருக்கும் மனப்பாடம். 2017இல் மாநில அரசு மாணவர் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. அடுத்த கல்வியாண்டில் புளூ பிரிண்ட் போனது, பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு வந்தது, மொத்த மதிப்பெண் 1,200இலிருந்து 600 ஆனது. அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வும், 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு விடைபெற்றுவிட்டது.

2019இல் பிளஸ் டூ முதலிடம் திருப்பூருக்குப் போனது. பிறகு பெரம்பலூருக்கு. 2023இல் விருதுநகர் அதே 97.85 சதவீதத்துடன் திரும்பவும் முதலிடம் வந்தது. 2025இல் அரியலூர் 98.82 எடுத்தது. அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் சிவகங்கை முதலிடம், விருதுநகர் இரண்டாமிடம். இந்தப் பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான். அரியலூரும் பெரம்பலூரும் சிவகங்கையும் ஒரு காலத்தில் படிப்பில் பின்தங்கியவை என்று பெயரெடுத்த பகுதிகள். விருதுநகர் போட்ட பாதையில் அவையும் நடந்து வந்துவிட்டன. ஆனால் எல்லா மாவட்டமும் தொண்ணூறைத் தாண்டிவிட்ட பிறகு, இந்த எண் நமக்குச் சொல்லக்கூடிய செய்தி குறைந்துவிட்டது. முதலிடத்துக்கும் மாநிலச் சராசரிக்கும் இடையே 2025இல் நான்கு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசமே இருந்தது.

எண் சொல்லாததைச் சொல்லும் வேறு கணக்குகள் இருக்கின்றன. 2018இல் நிதி ஆயோக், நாட்டின் பின்தங்கிய 112 மாவட்டங்களை 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: இராமநாதபுரமும் விருதுநகரும். அதே 2018இல்தான் விருதுநகர் பிளஸ் டூவில் மாநில முதலிடம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகளின் வீடுகளில் கழிப்பறையும் தண்ணீரும் சத்தான சோறும் இன்னும் பற்றாக்குறை என்பதே இதன் பொருள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 80 சதவீதம், மாநிலச் சராசரியின் அளவே. தேர்வு மையத்தில் முதலிடம் வாங்கும் மகன், கையெழுத்துக்குப் பதில் ரேகை வைக்கும் தாயின் வீட்டிலிருந்தே வருகிறான். அவன் தேர்ச்சியின் மதிப்பு இதனால் ஒரு மடங்கு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

கீழ் வகுப்புகளின் நிலைதான் எனக்குக் கவலை. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022இல் எடுக்கப்பட்ட ஏசர் கல்வித்தர ஆய்வில், தமிழ்நாட்டுக் கிராமங்களின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அதே ஆண்டில்தான் தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. முந்தைய ஆண்டே 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்கள் மாலையில் திண்ணைகளில் பாய் விரித்துவிட்டார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துசேர்ந்தது. பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் தாய் விடிகாலையில் கிளம்பும் ஊர்களில் அந்த எட்டு மணி உப்புமாவின் அருமை தெரியும். முன்பெல்லாம் முதல் பாடவேளை முடிவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலை சாய்க்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய். துறைகளுக்கான ஒதுக்கீட்டில் பெரிய தொகைகளில் ஒன்று. இதில் மிகப் பெரும்பகுதி சம்பளம், அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆசிரியர் இல்லாமல் பள்ளி இல்லை. ஆனால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையின் கைக்கு, பள்ளியை நடத்திக்கொள்ள என்று வரும் பணம் வேறு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் அது. தலைகளை எண்ணி வருகிறது. 30 பிள்ளைகள் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31இலிருந்து 100 வரை 25,000. அதற்கு மேல் 250 வரை 50,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம்.

பத்தாயிரம் என்றால் மாதத்துக்கு 833 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்கிவிட வேண்டும். மீதியில் சாக்பீஸ், வாரியல், பினாயில், பதிவேடு, அச்சு எடுக்கும் செலவு, உடைந்த குழாய், கழன்ற கதவுக் கொண்டி, குடியரசு தின மிட்டாய். தொடக்கப் பள்ளிகளில் துப்புரவாளருக்குக் கிடைக்கும் கூலி மிகச் சொற்பம். அந்த ஆள் வராத நாளில் யார் கூட்டுவது என்ற கேள்விக்குப் பதிலை எல்லோரும் அறிவோம். தலைமையாசிரியையின் மேசைக்குள் ஒரு நோட்டு இருக்கும். அதில் இடப்பக்கம் மானியச் செலவு, வலப்பக்கம் 'சொந்தம்' என்று எழுதிய செலவு. வலப்பக்கம் நீண்டிருக்கும் நோட்டுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பிள்ளை. பணத்தில் அது 15,000 ரூபாய். அதனால்தான் ஏப்ரல், மே வெயிலில் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் தெருத் தெருவாகப் போகிறார்கள். துண்டுப் பிரசுரமும் கையில் ஒரு பதிவேடும் இருக்கும். அங்கே நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"யக்கா, ரெண்டாவது பொண்ணுக்கு அஞ்சு வயசாச்சுல்ல? நம்ம பள்ளிக்கூடத்துல சேத்துருங்க. காலையில டிபன், மத்தியானம் சாப்பாடு, புஸ்தகம், துணிமணி எல்லாம் நாங்க தாரோம். இங்கிலீஷ் மீடியமும் இருக்கு."

"எல்லாம் சரிங்க டீச்சர். நீங்க நல்லாத்தான் சொல்லித் தாரீங்க, மூத்தவ உங்ககிட்ட படிச்சவதான். ஆனா நீங்க ரெண்டே பேரு, அஞ்சு வகுப்பு. நீங்க மீட்டிங் போய்ட்டா ஒரே டீச்சரு. வேன் ஸ்கூல்ல வகுப்புக்கு ஒரு ஆளு இருக்காங்கள்ல?"

அந்தத் தாயின் கேள்வியில் தவறில்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. தலைக்கணக்குப்படி அது சரியாகவே இருக்கலாம். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் ஒரே நேரத்தில் நடத்துவது எப்படி என்பதைச் சட்டம் சொல்லவில்லை. கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு, அதில் உணவுக் கணக்கு, அதில் பயிற்சி, அதில் தேர்வு என்று ஒருவர் கைபேசியோடு மல்லுக்கட்டும்போது இன்னொருவர் ஐந்து வகுப்புக்கும் பொறுப்பு. வேனுக்கும் பள்ளிக்குமாக அந்தத் தாய் கட்டப்போகும் பணம் பட்டாசு வேலையில் எத்தனை நாள் கூலி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கட்டுகிறாள். அன்று ஊர்ப் பள்ளிக்கு விழுந்த பிடி அரிசி இன்று மஞ்சள் வேனில் ஏறிப் போகிறது. கண்ணும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது. வசதியும் குரலும் உள்ள குடும்பங்கள் ஒவ்வொன்றாக விலகும்போது, குழாய் உடைந்தால் ஒன்றியத் தலைவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட ஆளில்லாமல் போகிறது. பிள்ளைகள் குறைகிறார்கள், மானியம் குறைகிறது, ஆசிரியர் பணியிடம் 'உபரி' என்று வேறு ஊருக்குப் போகிறது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வேன் ஏறுகிறார்கள்.

உதவிபெறும் பள்ளிகளின் கதையும் இங்கே முக்கியம். உறவின்முறைகள் தொடங்கிய பழைய பள்ளிகளில் பல இன்று அரசு சம்பளம் கொடுக்கும் உதவிபெறும் பள்ளிகள். இந்த மாவட்டத்தின் தேர்ச்சிப் பெருமையில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவு ஒன்று முளைத்து, ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் கட்டணமில்லாத வகுப்பும் அந்தப் பக்கம் கட்டண வகுப்பும் நடக்கும் காட்சி இப்போது சிறு நகரங்களில் பழகிவிட்டது. காமராசர் போன்ற ஒரு பையன் இன்று வந்தால் எந்தப் பக்கம் உட்காருவான் என்பதும், அந்தப் பக்கத்தில் ஆசிரியர் இடங்கள் நிரப்பப்பட்டிருக்குமா என்பதும் அந்தப் பள்ளிகளை நடத்துவோர் நெஞ்சில் கைவைத்துப் பார்க்க வேண்டியவை.

பணம் தருபவர் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்பதை 2024-25 காட்டிக்கொடுத்தது. மேலே சொன்ன பள்ளி மானியம் வரும் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடத் தமிழ்நாடு மறுத்தது, அதன் வழியாகத் தேசியக் கல்விக் கொள்கை உள்ளே வரும் என்பதால். அந்த ஆண்டு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் வரவில்லை. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: ஒரு மாநிலம் அந்தக் கல்விக் கொள்கையின் மும்மொழியை ஏற்காததற்காக, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு திட்டத்தின் பணத்தை நிறுத்துவது பிள்ளைகளைப் பணயம் வைப்பது. நரிக்குடிப் பக்கத்து ஈராசிரியர் பள்ளியில் சாக்பீஸ் வாங்கும் 833 ரூபாய்க்கும் டெல்லியில் போடாத ஒரு கையெழுத்துக்கும் முடிச்சுப் போடப்பட்டது. பிடி அரிசி காலத்தில் இப்படியொரு நிலையை யாரும் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது.

கிடைத்திருப்பவையும் சிறியவை இல்லை. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. ஆபீஸ் பஸ்ஸில் ஏறிய தலைமுறையின் மகள் கல்லூரிப் பேருந்துக்கு நிற்கிறாள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே எவ்வளவு செலவிட்டாலும் தகும்.

கண்ணை மீண்டும் பள்ளிக்குக் கொண்டுவர ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு. தமிழ்நாட்டில் 2022இல் இதை ஊர்தோறும் புதிதாக அமைத்தார்கள். 20 பேரில் பெரும்பான்மை பெற்றோர், தலைவர் பெண். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். பள்ளிக்கு வந்த பணம் எவ்வளவு, எதற்குச் செலவானது, எந்த இடம் காலி என்று கேட்கும் அதிகாரம் தலைவராக இருக்கும் தாய்க்கு உண்டு. கையெழுத்துப் போடும் அதிகாரமும் உண்டு. ஆனால் இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு நடக்கின்றன. இந்த மாவட்டத்தில் அந்த நேரத்தில் தாய்மார்கள் பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் அச்சகத்திலும் பஞ்சாலையிலும் இருப்பார்கள். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண் மூன்று மணிக்கு எழுந்து வந்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். அவள் வராததால் மினிட் நோட்டு அவள் வீட்டுக்குப் போகிறது, கையெழுத்தாகித் திரும்புகிறது, கூட்டம் நடந்ததாக எமிஸில் ஏறுகிறது.

மாவட்ட ஆட்சியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் இதைச் சரிசெய்துவிடலாம். விருதுநகர் மாவட்டத்தில் மட்டுமாவது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை வேலை நாளில் மாலை ஆறரை மணிக்கோ ஞாயிற்றுக்கிழமை காலையிலோ வையுங்கள். அதற்காக வரும் ஆசிரியர்களுக்கு ஈடு விடுப்பு கொடுங்கள். மானியக் கணக்கையும் காலிப் பணியிடத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே பள்ளிச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாத தாய்க்கு அவள் மகளே வாசித்துக் காட்டிவிடுவாள்.